படி இறங்கும் வீடு

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் வயதை அறியப் பத்திரத்தைப் புரட்ட வேண்டாம். தெருவிலிருந்து இரண்டு படி இறங்கினால் தாத்தா கட்டியது. சமதளமாக நுழைந்தால் எண்பதுகளின் ஃப்ளாட். மூச்சு வாங்கச் சரிவில் ஏறி, கார்களைச் சுற்றிக்கொண்டு லிஃப்ட்டைத் தேடினால், பெயின்ட் வாசனை போகாத புத்தம் புதுசு.

வீடுகள் இறங்கவில்லை, தெருதான் ஏறுகிறது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று விதி உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக ரோடு போடுகிறவர்களுக்குச் சுரண்ட ஏது நேரம்? தேர்தலுக்கு ஒரு பூச்சு, கேபிள் தோண்டியதற்கு ஒரு பூச்சு.

எங்களுடையது படி இறங்கும் ஜாதி. தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் இறுக்கிய மெட்ராஸ் டெரஸ். கீழே சிவப்பு ஆக்ஸைடு தரை. வாசலில் திண்ணை. போகிற வருகிறவர்களை விசாரிக்கத்தான் தாத்தா அதைக் கட்டினார். இப்போது உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே முழங்கால்கள்தான். அம்மா அசரவில்லை. "கோடி வீட்டு மாமா போறார், வலது கால்ல கட்டு போட்டிருக்கார் பார்" என்கிறாள்.

2003-இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றானபோது தெருவே குழி வெட்டியது. எங்களைப் போன்றவர்களுக்கு அது தண்டச் செலவு. நாங்கள் ஹாலிலேயே சேகரிப்போம். 2015 டிசம்பரில் ஃப்ரிட்ஜின் இடுப்பு வரை சேகரித்தோம்.

எதிர் வீட்டு மாமாவுக்கு அதற்கப்புறம் ரோஷம் வந்துவிட்டது. வீட்டையே தூக்க ஹரியானா ஆட்களை வரவழைத்தார். அடிச்சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, உடைத்த இடத்திலெல்லாம் ஜாக்கி வைத்தார்கள். மேஸ்திரி குரல் கொடுத்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு திருகு. வீடு நூல் நூலாக ஏறியது. தி.நகர் இந்தி பிரசார சபா பரீட்சையில் மத்யமா பாஸ் செய்த மாமாவுக்கு, அந்தப் படிப்பு "தீரே, தீரே" என்று கத்தத்தான் உதவியது. உள்ளே அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்ததாம். ஒரு சொட்டு ததும்பவில்லை என்று மாமி இன்றும் சொல்கிறாள். நான் நம்பவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

மூன்றடி ஏறியதும் மாமா வாசலில் நின்று எங்களைப் பார்த்த பார்வை, எம்.எல்.ஏ. தொகுதிக்கு வந்த மாதிரி இருந்தது. ஆனால் ஸ்கூட்டர் ஏறவில்லை. சரிவு கட்டினார், அது தெருவுக்குள் நீண்டது. பக்கத்து ஃப்ளாட்காரர்கள் அதைவிட நீளமாக ஒன்று கட்டினார்கள். ஓரம் என்பதே இல்லாமல் போனதால், அயோத்யா மண்டபத்துக்குக் கதை கேட்கப் போகும் தாத்தாக்கள் நடுரோட்டில் ஊர்வலமாகப் போகிறார்கள். பின்னால் ஹாரன் அடித்தபடி தண்ணீர் லாரி.

சமீபத்தில் மறுபடியும் ரோடு போட்டார்கள். விடிந்ததும் மாமா டேப்போடு வந்து குனிந்து அளந்தார். "நாலு அங்குலம் போயிடுத்து" என்றார். உடனே ஹரியானாவுக்குப் போன். பழைய கஸ்டமருக்குத் தள்ளுபடி உண்டா என்று இந்தியில் எப்படிக் கேட்பது என்பதுதான் மத்யமாவில் வரவில்லையாம்.