ஸ்தோத்திரம் முதல் சாரம் வரை

திருநெல்வேலிச் சீமையின் திருச்சபைத் தொடக்கப்பள்ளிகளுக்கு வயது அதிகம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் காலத்திலேயே ஊர் ஊராகப் பள்ளி முளைத்தது. பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் வேலையை மட்டும் இப்போது வாட்ஸ்அப் பார்த்துக்கொள்கிறது.

வாரச் செய்தி ஸ்தோத்திரத்தில் தொடங்கி, காணாமல்போன தண்ணீர் பாட்டிலில் முடியும். நடுவில் மனப்பாட வசனம் ஒன்று. பிள்ளை அதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அதிகாரம் எது என்றால் அம்மா முகத்தைப் பார்க்கும். வசனத்துக்குப் பெற்றோரின் ‘ஆமென்’ வரிசையாக விழும். ‘சனிக்கிழமை பெற்றோர் கூட்டம்’ என்ற வரிக்கு ஒன்றுகூட விழாது.

அரசின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் இவற்றைப் போன்ற ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. எந்தக் கிழமை உப்புமா, எந்தக் கிழமை பொங்கல் என்பதில் மட்டும் பிள்ளைகளுக்கு அதிகாரமும் வசனமும் பிசகுவதில்லை.

டிசம்பரில் செய்தி நீளும். கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மரியாள் வேடம் ஒன்றுதான். கேட்டு வரும் தாய்மாரோ பலர். மேய்ப்பர் எத்தனை பேர் என்று சுவிசேஷம் சொல்லாமல் விட்டது தலைமையாசிரியருக்குப் பேருதவி. மிஞ்சிய பிள்ளைகள் எல்லாரும் மேய்ப்பர்கள். அப்பாக்களின் கட்டம்போட்ட சாரம் எல்லாம் தலைப்பாகை.