கொழுப்பு போயிற்று, தோல் போகவில்லையே!

கேள்வி: ஒன்றரை வருடத்தில் 38 கிலோ குறைத்தேன். இப்போது வயிறும் மேல்கையும் தொளதொளவென்று தொங்குகின்றன. ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா?
– வாசகி, ஈரோடு

முதலில் கையைக் கொடுங்கள், வாழ்த்துகள்! நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

தோலின் நடு அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. கொலாஜன் உறுதி தருகிறது. எலாஸ்டின், இழுபட்ட தோலைப் பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. உடம்பு பெருக்கும்போது தோலும் கூடவே விரிந்து இடம் கொடுக்கிறது. வருடக்கணக்கில் விரிந்தே இருந்தால் நார்கள் நைந்துபோகும். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் கெண்டைக்காலை இறுகப் பிடித்த சாக்ஸ், முழுப்பரீட்சைக்குள் கணுக்காலில் வந்து உட்கார்ந்துகொள்கிறதே, அதேதான். அதற்காகக் காலைக் குறை சொல்ல முடியுமா?

எவ்வளவு தொங்கும் என்பது எத்தனை கிலோ குறைந்தது, அந்த எடை எத்தனை வருடம் உடம்பில் இருந்தது, வயது என்ன, பரம்பரைத் தோல் எப்படி, எத்தனை பிரசவம் என்பதையெல்லாம் பொறுத்தது. இவற்றில் எதையும் இனி மாற்ற முடியாது. புகையும் வெயிலும் அதே நார்களை அரிக்கும். இந்த இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

கேள்வி: தொங்குவது வெறும் தோலா, இன்னும் கொழுப்பு பாக்கியா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், திருநெல்வேலி

கிள்ளிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். முதலில் உங்கள் புறங்கைத் தோலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துத் தூக்குங்கள். மெல்லிசாக வருகிறதல்லவா? அது வெறும் தோல். இப்போது தொப்புளுக்குக் கீழே அதேபோல் பிடியுங்கள். புறங்கை போலவே மெல்லிசாக, சுருக்கம் விழுந்து வந்தால் அங்கே மிச்சமிருப்பது பெரும்பாலும் தோல். விரல்களுக்கிடையில் தடிமனாக, மெத்தென்று ஏதோ அகப்பட்டால் கொழுப்பு இன்னும் காலி செய்யவில்லை.

பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். அப்படியானால் மனம் தளர வேண்டாம். கொழுப்பு இறங்க இறங்க, தோலின் மேல் உள்ள பாரமும் குறையும்.

கேள்வி: தொங்கும் தோல் தானாகச் சுருங்குமா? நல்லெண்ணெய் மசாஜ், இறுக்கும் க்ரீம், கொலாஜன் பவுடர் – எதை வாங்கலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

ஓரளவு சுருங்கும். எடை ஒரே இடத்தில் நின்ற பிறகும் ஒன்று, இரண்டு வருடம் வரை தோல் மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இளம் வயதில் இருபது கிலோவுக்குள் குறைத்தவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஐம்பது கிலோ குறைத்தவருக்குத் தானாக முழுசாக ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுவதாகும்.

நல்லெண்ணெய் தோலின் வறட்சியைப் போக்கும், அரிப்பைக் குறைக்கும், சனிக்கிழமையைச் சுகமாக்கும். நைந்த நாரைப் புதுப்பிக்காது. க்ரீமும் மேலடுக்கோடு நின்றுவிடும். கொலாஜன் பவுடரைக் குடித்தால் அது வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலவே செரித்து உடைந்துதான் போகிறது. ‘நான் மேல்கைத் தோலுக்குப் போகிறேன்’ என்று அதற்கு முகவரி எழுதி அனுப்ப முடியாது.

அந்தப் பணத்துக்கு முட்டை, கடலை, மீன் வாங்குங்கள். பளு தூக்கும் பயிற்சி பழகுங்கள். ஜிம் இல்லாவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும், இரண்டு கிலோ ஆயிற்று. பயிற்சியால் தோல் சுருங்காது. ஆனால் தோலுக்கு அடியில் தசை வளர்ந்து, காலியான இடத்தைக் கொஞ்சம் நிரப்பும். தோள், மேல்கை, தொடை மூன்றிலும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: வயிற்று மடிப்புக்குள் சிவந்து, அரித்து, நாற்றமடிக்கிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், சென்னை

எனக்கு எழுதிவிட்டீர்கள், பாதி வெட்கம் போய்விட்டது. மீதியைத் தோல் மருத்துவரிடம் போக்கிவிடுங்கள். தோலும் தோலும் ஒட்டி உரசும் இடத்தில் வியர்வை தேங்கும். அந்த ஈரமும் சூடும் பூஞ்சைக்குக் குடியிருக்க வசதி. நம் ஊர் சித்திரை மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

குளித்ததும் மடிப்பைத் தூக்கி, மெல்லிய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முழுசாக உலர்ந்த பிறகே உடை. இறுக்கமான சிந்தெடிக் உள்ளாடை வேண்டாம். மடிப்புக்கிடையில் ஒரு பருத்தித் துணியை வைத்து, நனைந்ததும் மாற்றலாம்.

மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஏதாவது கொடுங்க’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அங்கே கைக்கு வரும் பல ட்யூபுகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாள் அரிப்பு அடங்கும், அடியில் பூஞ்சை பரவும், தோல் இன்னும் மெலியும். மருத்துவர் எழுதும் பூஞ்சை மருந்தைச் சொன்ன நாள்வரை போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சர்க்கரை நோய் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஆபரேஷன் செய்து வெட்டி எடுத்துவிடலாமா?
– வாசகர், கோவை

எடுக்கலாம். அதிகமாகத் தொங்கும் தோலுக்கு உறுதியான தீர்வு அது ஒன்றுதான். வயிறு, மேல்கை, தொடை, மார்பு என்று தனித்தனியாகச் செய்வார்கள். ஆனால் ஆர்வத்தில் ஓடாதீர்கள்.

எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். இரைப்பை அறுவை சிகிச்சை செய்து இளைத்தவர்கள் பொதுவாக ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் பொறுக்க வேண்டும். புகைப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்னதாக நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் காயம் ஆறாமல் படுத்தும். குழந்தை பெறும் திட்டம் இருந்தால் அதை முடித்துவிட்டு வயிற்றுக்கு வரலாம். புரதமும் இரும்புச்சத்தும் போதுமான அளவு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள்.

தழும்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். வயிற்றுத் தோலை எடுத்தால் ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீளக் கோடு நிற்கும். நீர் கோப்பது, காயம் தாமதமாக ஆறுவது, காலில் ரத்தம் உறைவது போன்ற சிக்கல்கள் உண்டு. தகுதியுள்ள பிளாஸ்டிக் சர்ஜனிடமே போங்கள். ‘லைப்போசக்‌ஷன் போதும்’ என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். அது கொழுப்பை உறிஞ்சும், தொளதொளத்த தோலை அப்படியே விட்டுவிடும். காப்பீடும் அழகுக்காகச் செய்வதற்குப் பணம் தராது. தீராத புண், நடக்கச் சிரமம் போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் அதைப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: உடம்பில் கரையும் கொழுப்பு எங்கே போகிறது? எங்கள் வகுப்பில் இதில் பெரிய சண்டை.
– பள்ளி மாணவர், மதுரை

வியர்வையில் போகிறது என்றவரும் தோற்றார், கழிப்பறையில் போகிறது என்றவரும் தோற்றார். பெரும்பகுதி மூக்கு வழியாகப் போகிறது! சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாக மூச்சில் வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோதான் தண்ணீராகிறது.

‘அப்படியானால் வேகவேகமாக மூச்சு விட்டால் இளைப்பேனா?’ என்று அடுத்த பெஞ்சு கேட்கும். தலைதான் சுற்றும். முதலில் கொழுப்பு எரிய வேண்டும். அதற்குக் குறைவாகச் சாப்பிட்டு அதிகமாக அசைய வேண்டும். வியர்க்க வைக்கும் பெல்ட்டைக் கட்டி எடை பார்க்கும் உங்கள் சித்தப்பாவுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர் குறைத்தது தண்ணீர். ஒரு சொம்பு மோர் குடித்ததும் அது திரும்பிவிடும்.

கேள்வி: மாதம் பத்துக் கிலோ குறைக்க முடியும் என்கிறார்கள். மெதுவாகக் குறைத்தால் தோல் தொங்காதா?
– வாசகி, வேலூர்

தோலைப் பொறுத்தவரை வேகத்தைவிட, மொத்தம் எத்தனை கிலோ என்பதே பெரிய விஷயம். மெதுவாகப் போனாலும் ஐம்பது கிலோ ஐம்பது கிலோதான். ஆனால் அவசரத்துக்கு வேறு விலைகள் உண்டு. தசை கரையும். பித்தப்பையில் கல் சேரும். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பு நிறைய முடி வரும். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ என்பது நிதானமான வேகம்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியரி 1965-66இல் டண்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் 382 நாள் உணவே இல்லாமல் இருந்து, 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தார். இந்தக் கதையைச் சொல்லி உங்களைப் பட்டினி போடப் பார்ப்பார்கள். அதே காலத்தில் நீண்ட பட்டினிச் சிகிச்சை எடுத்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். மருத்துவ உலகம் அந்த வழியைக் கைவிட்டுவிட்டது. நீங்களும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சோறா, சப்பாத்தியா, சிறுதானியமா?
– வாசகர், சேலம்

அளவு! சமைக்காத அரிசி, கோதுமை, தினை மூன்றிலும் நூறு கிராமுக்குக் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். முழுக் கோதுமையிலும் சிறுதானியத்திலும் நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும். அந்த நன்மை உண்மை. ஆனால் ‘தினைதானே’ என்று நாலு கரண்டி கூடப் போட்டால் நன்மை அங்கேயே தீர்ந்தது.

தட்டில் சோறு கால் பங்கு, காய் பாதி, பருப்போ முட்டையோ மீனோ கால் பங்கு. எடை குறைக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டே கூட்டுங்கள்.

அடுப்பங்கரையில் ஒரு நாள் நின்று பாருங்கள். தோசையைச் சுற்றி எண்ணெய் விடும் கை ஒரு கரண்டியோடு நிற்காது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 40 கலோரி. தோசைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால், மூன்று தோசைக்கு எண்ணெய் மட்டும் 240 கலோரி. அது ஒரு கிண்ணம் சோற்றைவிட அதிகம்! வசவெல்லாம் சோற்றுக்கு.

கேள்வி: வெறும் வயிற்றில் தேன் கலந்த எலுமிச்சைச் சாறு, கொள்ளு ரசம் – கொழுப்பைக் கரைக்குமா?
– வாசகி, நாகர்கோவில்

எலுமிச்சைச் சாறு பாத்திரத்துக் கறையைக் கரைக்கும், கொழுப்பைக் கரைக்காது. ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரி இருக்கிறது. வெந்நீரை மட்டும் குடியுங்கள். இதே வரிசையில் வெல்லத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கலோரியில் அது சர்க்கரையின் சொந்தத் தம்பி.

‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது நல்ல பழமொழி. நூறு கிராம் கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம், நிறைய நார்ச்சத்து. பசி அடங்கும், அதனால் இளைக்க உதவும். ரசமாகக் குடிப்பதைவிடச் சுண்டலாகவோ துவையலாகவோ சாப்பிட்டால் சத்து முழுசாக வரும்.

கேள்வி: ஒரு கட்டத்துக்கு மேல் எடை இறங்கவே இல்லை. கொஞ்சம் அசந்தால் ஏறுகிறது. எனக்கு மனவுறுதி இல்லையா?
– வாசகர், புதுச்சேரி

மனவுறுதியைத் திட்டாதீர்கள், உடம்பின் சுபாவம் அது. எடை குறைந்தால் ‘பஞ்சம் வந்துவிட்டது’ என்று உடம்பு செலவைச் சுருக்கும், பசியைக் கூட்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. அவர்கள் உடம்பு ஓய்வில் எரித்த கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிடத் தினம் சுமார் 500 குறைவாக இருந்தது.

பட்டினியைக் கூட்டாதீர்கள். புரதம், பளு தூக்கும் பயிற்சி, தூக்கம் மூன்றையும் கூட்டுங்கள். ஏறாமல் நிற்கும் மாதத்தையும் வெற்றி என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாரம் ஒரு ஊசி போட்டால் போதுமாமே?
– வாசகி, திருச்சி

2025இல் மவுஞ்சாரோ, வீகோவி என்ற எடைக்குறைப்பு ஊசிகள் நம் நாட்டுக்கு வந்தன. நல்ல மருந்துகள்தான், பசியை உண்மையாகவே குறைக்கின்றன. ஆனால் தேவையா என்று மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா அல்ல. வீகோவியில் உள்ள செமாக்ளூடைடு மருந்தை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே வருடத்தில் திரும்பப் பெற்றார்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. ஊசியால் இளைத்தாலும் தசை குறையும், தோல் தொங்கும். சுண்டலும் பயிற்சியும் அப்போதும் வேண்டும்.

கேள்வி: ‘சீக்காளி மாதிரி ஆயிட்டியே, முன்னாடியே லட்சணமா இருந்தே’ என்று அத்தையும் மாமாவும் சொல்கிறார்கள். தொங்கும் தோலோடு நிற்கிறேன். இத்தனை பாடு எதற்கு?
– வாசகி, திண்டுக்கல்

முழங்காலைக் கேளுங்கள், சொல்லும். மூட்டுத் தேய்மானமுள்ள பருமனான முதியவர்களிடம் செய்த ஆய்வொன்று 2005இல் வந்தது. ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. நீங்கள் பத்துக் கிலோ குறைத்திருந்தால், ஒவ்வொரு அடிக்கும் நாற்பது கிலோ இறக்கி வைத்திருக்கிறீர்கள். உடல் எடையில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் குறைந்தாலே ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். இவை எதுவும் கண்ணாடியில் தெரியாது. லேப் ரிப்போர்ட்டில் தெரியும், மாடிப்படியில் தெரியும்.

இதைப் படிக்கும் அத்தைகளே, மாமாக்களே! முயற்சி எதுவும் எடுக்காமல் ஒருவர் இளைத்தால் சர்க்கரை, தைராய்டு, காசநோய் இருக்கிறதா என்று பார்க்க உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அக்கறையை அங்கே காட்டுங்கள். முயன்று இளைத்தவரிடம் லட்சணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ‘எப்படிம்மா செஞ்சே? எனக்கும் சொல்லிக் கொடு’ என்று கேளுங்கள். சொல்லிக் கொடுத்தால் அடுத்த வாரத்திலிருந்து அவரோடு நடக்கப் போங்கள்.