மரமேடைச் சாயவியல்: புக்கிட் தெங்காவை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

பினாங்கு என்றதும் தீவை மட்டும் நினைப்பவர்கள் புக்கிட் தெங்காவை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவே, செபராங் பிறையில், தொழிற்சாலைகளும், ‘தாமான்’ எனப்படும் குடியிருப்புகளின் வீடுகளும் தோள் உரசி நிற்கும் ஊர் அது. சுற்றுலாக் கையேடுகள் இந்த ஊரைக் கண்டுகொள்வதில்லை. ஆயினும் மனிதகுலத்தின் நெடுநாள் ஐயம் ஒன்றைத் தீர்க்க இதைவிடத் தகுந்த ஆய்வுக்களம் அமையாது என்பது இக்கட்டுரையின் துணிபு. அந்த ஐயம்: வெயிலில் கிடக்கும் மரப்பலகைக்கு எந்தச் சாயம் அடிப்பது?

களம் தகுந்ததே என்பதற்குச் சான்றுகள் வருமாறு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 5 பாகையில் இருப்பதால், சூரியன் இங்கே ஏப்ரல் தொடக்கத்தில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை என நேர் உச்சியில் வந்து நிற்கிறான். ஆண்டு மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். காலையில் வறுத்து மாலையில் ஊறவைக்கும் இந்த உபசாரத்தை ஒரு பலகை தாங்கிவிட்டால், பூமியில் வேறெங்கும் தாங்கிவிடும்.

ஆய்வுப் பொருளை வரையறுப்பது மரபு. வீட்டின் முன்புறத்திலோ பின்புறத்திலோ, கூரையின் நிழல் முழுதாக எட்டாத இடத்தில், பலகை பாவிப் போட்ட தாழ்வான மேடையே இங்கு ‘மரமேடை’ எனப்படும். கழற்றிவிட்ட செருப்புகள், ஒரு துளசித் தொட்டி, காயாத துணிகள், மாலை நேரத்தில் ஒரு தாத்தா ஆகியவை இதன் மேல் இயல்பாகக் காணப்படும்.

முன்னோர் முயற்சிகள்

குடும்பப் பணத்தைப் பிசினில் கொட்டிய செயலுக்குத் தமிழில் கிடைக்கும் பழைய பதிவு பெரியபுராணத்தில் உள்ளது. திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனாரிடம் மனைவி தம் தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கிவரச் சொன்னார். வழியில் குங்கிலிய மூட்டையோடு வந்த வணிகனைக் கண்ட நாயனார், தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அவர் வாங்கியது தூபத்துக்கு, பலகைக்கு அல்ல என்பது உண்மையே. ஆனால் கைநிறையச் சாய டப்பாக்களோடு வீட்டு வாசலில் தயங்கி நிற்கும் ஆண்களுக்கு இதைவிட உயர்ந்த முன்னுதாரணம் இல்லை. வேறுபாடு ஒன்றே: நாயனார் வீட்டில் இறைவன் பொன்னும் நெல்லும் குவித்தான். தாமான் வீடுகளில் அவ்வாறு நிகழ்வதில்லை.

குங்கிலியம் இந்த ஆய்வுக்கு அயலும் அல்ல. வெள்ளைக் குங்கிலிய மரமும், மலேசியாவின் புகழ்பெற்ற செங்கால் மரமும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. செங்காலிலிருந்து வடியும் ‘டாமார் பெனாக்’ என்ற பிசின் ஒரு காலத்தில் வார்னிஷ் செய்வதற்காகக் கப்பலேறியது. தன் வார்னிஷைத் தானே சுரக்கும் மரத்துக்கு வெளியிலிருந்து வார்னிஷ் வாங்கி அடிப்பது மனிதனின் தனிச்சிறப்பு.

அடுத்த முன்னோடி சொந்தி காமேசன். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரிந்த இவர், 1933ஆம் ஆண்டு, செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து மரத்துக்குள் ஏற்றும் கரைசலைக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் உலகெங்கும் மின்கம்பங்களும் வீட்டு மேடைகளும் இந்த இந்தியக் கலவையில்தான் குளித்து எழுந்தன. கறையானும் காளானும் அஞ்சி ஒதுங்கின. ஆர்செனிக்கைக் கண்டு மனிதர்களும் அஞ்சத் தொடங்கியதால், அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு முடிவோடு வீட்டுப் பயன்பாட்டுக்கு அந்த மரத்தைத் தயாரிப்பது நின்றது. பழைய பலகையில் இளம்பச்சை படிந்திருந்தால் அதை அடுப்பிலோ குப்பையிலோ போட்டு எரிக்கக் கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். இந்த எச்சரிக்கையை மட்டும் வாசகர் நகைச்சுவையாகக் கொள்ள வேண்டாம்.

பரபக்கம்

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பிரித்தார். பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுத்துவிட்டுத் தன் கொள்கையை நாட்டுவது அந்த முறை. ஹார்ட்வேர் கடைகளின் கல்லாவைச் சுற்றி நடக்கும் விவாதங்களும் இதே முறையில்தான் நடக்கின்றன. மறுப்பின் குரல் மட்டும் அங்கே சற்று உயர்ந்திருக்கும். அங்கே எதிர்ப்படும் மதங்கள் மூன்று.

முதலாவது பளபளப்பு வாதம். ‘மரத்தின் அழகு தெரிய வேண்டும், கண்ணாடிபோல வார்னிஷ் அடி’ என்பது இவர்கள் கொள்கை. முதல் மாதத்தில் இவர்களை வாதத்தில் வெல்ல யாராலும் முடியாது. ஆனால் மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்பது லிக்னின் என்ற பொருள்; மரத்தின் எடையில் ஏறத்தாழ கால்பங்கு அதுதான். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் அந்தப் பிணைப்பை அறுக்கிறது. நிறமில்லாத வார்னிஷ் கண்ணுக்கு வழிவிடுவதுபோலவே கதிருக்கும் பெரும்பாலும் வழிவிட்டுவிடுகிறது. மேலே படலம் உறுதியாக இருக்க, அடியில் அது ஒட்டியிருந்த மரத்தோல் தளர்ந்துபோகிறது. பிறகு வார்னிஷ் செதில் செதிலாக எழும்புகிறது. அதைச் சுரண்டி எடுப்பதற்கு அடித்ததைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும் என்பதைப் பளபளப்புவாதிகள் தங்கள் நூல்களில் குறிப்பிடுவதில்லை.

இரண்டாவது மூடல் வாதம். கதிர் புகுவதுதான் சிக்கல் என்றால், கெட்டிச் சாயத்தால் மூடிவிட்டால் போயிற்று என்பார்கள் இவர்கள். சுவருக்கும் ஜன்னலுக்கும் இந்த வாதம் செல்லும். நிமிர்ந்து நிற்கும் மரத்தில் மழை வழிந்தோடிவிடும். படுத்துக் கிடக்கும் பலகையின் மேலோ நீர் தேங்குகிறது. போதாக்குறைக்கு வீட்டார் நடக்கிறார்கள், நாற்காலியை இழுக்கிறார்கள். மரம் ஈரத்தில் அகலவாட்டில் புடைக்கும், காய்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. இந்தச் சீரற்ற அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் சாயப்படலம் இணைப்புகளில் விரிகிறது. விரிசல் வழியே உள்ளே போன நீர் வெளியேற அதே படலம் தடையாகிறது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்துவிட்டால் காளானுக்கு நல்ல காலம். மேலே சாயம் ஜொலிக்க அடியில் பலகை உளுத்துப்போகும் நிலை இதனால் உண்டாகிறது.

மூன்றாவது சும்மா இருத்தல் வாதம். சைவ மரபில் ‘சும்மா இரு’ என்பது ஞானத்தின் உச்சம். சாயவியலிலும் இதற்கு மதிப்பு உண்டு. ஒன்றுமே அடிக்காமல் விட்டுவிட்டால் மரம் தானே சாம்பல் நிறமாகும், அதுவே அதன் இயல்பு என்பார்கள் இவர்கள். சோம்பலின் தத்துவ வடிவம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் இவர்களிடம் கடலின் மேல் நிற்கும் சான்று இருக்கிறது.

கள ஆய்வு

புக்கிட் தெங்காவில் ரயிலேறி பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் கடலைக் கடந்தால் ஜார்ஜ் டவுனின் வெல்ட் கீ. அதை ஒட்டித்தான் சீனக் குலங்களின் ‘ஜெட்டி’ எனும் மரத்துறைகள் கடலுக்குள் கால் நீட்டியிருக்கின்றன. லிம், சியூ, தான், லீ, இயோ என ஒவ்வொரு குலப்பெயருக்கும் ஒரு ஜெட்டி. இரண்டு ஜெட்டிகள் 2006இல் இடிக்கப்பட்டன. எஞ்சியவை, 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, அந்த எல்லைக்குள் வந்துவிட்டன.

சியூ ஜெட்டியின் பலகை நடைபாதையில் உப்புக்காற்று, வெயில், மழை, சுற்றுலாப் பயணிகள் என நால்வகைப் படையும் நாள்தோறும் தாக்குகின்றன. பலகைகள் வெளுத்துச் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. மேலே பளபளப்பு என்று எதுவும் இல்லை. இருந்தும் பாதை நடக்கிறவர்களைத் தாங்குகிறது. காரணம் பலகையின் மேல் இல்லை, கீழே இருக்கிறது. பலகைக்குப் பலகை இடைவெளி. அடியில் திறந்த வெளி. விழுந்த மழை அந்தக் கணமே கடலுக்குப் போய்விடுகிறது. கீழிருந்து காற்று ஏறி ஈரத்தை வாங்கிவிடுகிறது.

தாமான் வீட்டு மேடைகளின் நிலை என்ன? பெரும்பாலானவை சிமெண்டுத் தரையோடு தரையாகப் படுத்திருக்கின்றன. அடியில் காய்ந்த இலை, பூனை, குழந்தைகள் தொலைத்த பந்து, வற்றாத ஈரம். இந்த மேடைக்கு விலையுயர்ந்த சாயம் அடிப்பது, காய்ச்சல்காரனுக்குப் பட்டு வேட்டி உடுத்துவதற்கு ஒப்பாகும்.

சுபக்கம்

மறுப்பு முடிந்தது, நாட்டல் தொடங்குகிறது. 1910ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்க அரசின் மரப்பொருள் ஆய்வகம், விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில், பல்லாண்டுகளாகப் பலகைகளை வெயிலில் போட்டு வேடிக்கை பார்த்துவருகிறது. இதற்குச் சம்பளமும் உண்டு. மேடைக்குப் படலமாக நிற்கும் சாயம் வேண்டாம், உள்ளே ஊறும் வூட் ஸ்டெயினே மேல் என்பது அவர்கள் பரிந்துரை. அதிலும் சற்றே நிறமுள்ள, அரைகுறையாக மரம் தெரியும் வகை. அந்த நிறத்தைத் தருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. நம்மூர்ச் செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவதும் அதுதான். நிறத்துகள் கதிரைத் தடுக்கிறது, ஸ்டெயினிலுள்ள எண்ணெய் நீரைத் தள்ளுகிறது, காளான்கொல்லி கருப்புப் புள்ளியை அடக்குகிறது. படலம் இல்லாததால் உரிவதற்கும் எதுவும் இல்லை. ஓரிரு ஆண்டில் மங்கும். அப்போது கழுவிக் காயவைத்து மறுபடி ஒரு பூச்சு போட்டால் போதும். சுரண்டும் தண்டனை கிடையாது.

மரத்துக்கு மரம் விதி மாறும். கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சி நிறுவனத்தார் ‘இடுகாட்டுச் சோதனை’ என்ற பெயரில் மரக்கட்டைகளை மண்ணில் நட்டு, கறையானுக்கும் காளானுக்கும் படையலிட்டு, எது எத்தனை ஆண்டு தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். 10 ஆண்டு தாண்டினால் முதல் தரம். 2 ஆண்டுக்குள் மறைந்தால் கடைசித் தரம். செங்கால் முதல் தரத்தில் நிற்கிறது. ஆனால் இத்தகைய இறுகிய மரம் எண்ணெயை எளிதில் குடிக்காது. பாசத்தோடு அள்ளிப் பூசினால் அது மேலேயே தங்கிப் பிசுபிசுத்து, அந்த வாரத்துத் தூசியையும் எறும்பையும் நிரந்தரக் குடிமக்களாக்கிவிடும். மெல்லப் பூசி, மிஞ்சியதைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

2019இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட மெர்பாவுக்குக் கண்ணீர் விடும் பழக்கம் உண்டு. முதல் மழைகளில் அதன் துவர்ப்புச் சாறு பழுப்பாக வடிந்து, பக்கத்துச் சுவரையும் வெள்ளைக் காரையும் கறையாக்கும். அதைக் கழுவி வெளியேற்றிய பிறகே பூச வேண்டும். சாதாரண இரும்பு ஆணி அந்தச் சாற்றோடு சேர்ந்தால் மைக்கறுப்பு உண்டாகும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வெள்ளி வீணாகாது.

பலகையின் அறுத்த முனை பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். சாயத்தின் பெரும்பங்கு மேற்பரப்பின் அழகுக்கே செலவாகி, முனைகள் அநாதையாக விடப்படுவது நம் சமூகத்தின் பொதுப் போக்கு. முனைக்கு இரட்டைப் பூச்சு தேவை. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது; எண்ணெய் உலரும்போது எழும் சூட்டில் அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் காயப்போடலாம், அல்லது தண்ணீரில் ஊறவைக்கலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை ஆய்வுலகம் பாட்டிமாருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ‘கருப்பா அடிக்காதடா, மத்தியானம் கால வைக்க முடியாது’ என்ற அவர்களின் கூற்று இயற்பியலோடு முழுதும் ஒத்துப்போகிறது. அடர்நிறம் வெயிலை அதிகம் வாங்கிச் சூடேறும். வாசலில் செருப்பைக் கழற்றும் வீடுகளில் இது கோட்பாட்டுச் சிக்கல் அல்ல.

காலப் படலம்

எந்தச் சாயம் என்ற கேள்வியை இவ்வளவு நேரம் அலசியபோதும், எப்போது அடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. மலேசியத் தமிழ் வீடுகளில் இதற்கு ஒரே விடைதான்: தீபாவளிக்கு முன். சுவர், கேட், பூச்சட்டி, மேடை, அசையாமல் நிற்கும் எதுவும் அந்த வாரத்தில் தப்புவதில்லை. ‘ஏங்க, நாளைக்குள்ள முடிச்சிருவீங்களா?’ என்ற குரல் உள்ளிருந்து வர, வெளியே ஒருவர் வானத்தையும் டப்பாவையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தீபாவளி அக்டோபர், நவம்பரில் வருகிறது. பினாங்கில் மழை கொட்டித் தீர்க்கும் காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஈரப் பலகையில் எண்ணெய் ஊறாது, ஊறாதது உலராது, உலராததன் மேல் கோலம் போட முடியாது. எனவே ஆண்டுதோறும் பெருந்தொகை எண்ணெய் மழைநீரோடு சேர்ந்து சாக்கடைக்குப் போகிறது. தவறு சாயத்தில் என்று முடிவுகட்டி, அடுத்த தீபாவளிக்கு வேறு டப்பா வாங்கப்படுகிறது.

பினாங்கில் மழை மிகக் குறைந்த மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். தைப்பூசம் வரும் பருவம் அது.

முடிபு

மேலே கண்டவற்றால் பெறப்படுவன: மேடையைத் தரையிலிருந்து உயர்த்துக, பலகைகளுக்கு நடுவே இடைவெளி விடுக, அறுத்த முனைகளை முதலில் கவனிக்க. இவை மூன்றும் ஆனபின், இளம்பழுப்பு வூட் ஸ்டெயினை மெல்லப் பூசித் துடைக்க. செங்கால் பலகையாயிருந்து, சாம்பல் நிறத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் இருந்தால், ஒன்றும் பூசாமலும் விடலாம். பூசுவதாயின் தைப்பூசத்தை ஒட்டிய வெயிலில் பூசுக. தீபாவளிக்கு மேடையைக் கழுவித் துடைத்தால் போதும்.