மூச்சுக்கு ஒரு கணக்கு: கேள்வி–பதில்

சித்தன்னவாசல் பாறையிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு வருமாமே! நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதானா?
– ஒரு வாசகி, அன்னவாசல்

எங்கே போவீர்கள்? யுரேனியம் துளியும் இல்லாத மண் கிடையாது. கருங்கல் பாறையில் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல். யுரேனியம் சிதைந்து ரேடியம், ரேடியம் சிதைந்து ரேடான். வெட்டவெளியில் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். சித்தன்னவாசல் மலையின் ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கைகளைத் தாராளமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். ஜன்னல் திறக்காத உங்கள் படுக்கையறையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

உள்ளே இழுத்த வாயுவை வெளியே விட்டுவிடுகிறோமே, பிறகு நுரையீரலுக்கு என்ன கேடு?
– ஒரு மாணவி, இலுப்பூர்

ரேடான், வந்த வழியே போய்விடும் விருந்தாளி. வம்பு செய்வது அது சிதைந்து பிறக்கும் பிள்ளைகள். பொலோனியம்-218, பொலோனியம்-214 எல்லாம் திடப்பொருள்கள். தூசியில் தொற்றி வந்து மூச்சுக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா துகள்களை வீசும்.

நெஞ்சுக்குள் மீட்டர் வைக்க முடியாதே, அளவை எப்படிச் சொல்கிறார்கள்?
– ஓர் ஆசிரியர், புதுக்கோட்டை

கணக்குப் போட்டுத்தான். சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1994-இல் ஒரு சுவாசப்பாதை மாதிரியை வெளியிட்டது. மூக்கிலிருந்து காற்றுப்பை வரை எந்த அளவுத் துகள் எங்கே படியும், சளி அதை எவ்வளவு வேகமாக மேலே தள்ளும் என்று அது கணக்கிடும். பொலோனியம்-214 வீசும் ஆல்ஃபா திசுவுக்குள் சுமார் 70 மைக்ரான்தான் பாயும். ஒரு தலைமுடியின் தடிமன். மூச்சுக்குழாய்ச் சுவரின் அடிச்செல்களோ 35 முதல் 50 மைக்ரான் ஆழத்தில் இருக்கின்றன. அடி எட்டிவிடுகிறது.

எனக்குப் புரிகிற மாதிரி ஒரு கணக்கு?
– ஒரு கடைக்காரர், கீரனூர்

வீட்டுக்குள் ரேடானின் உலகச் சராசரி, கனமீட்டருக்கு 40 பெக்கரல் (நொடிக்கு 40 அணுச் சிதைவு). பிள்ளைகளின் பங்குக்காக 0.4-ஆல் பெருக்குங்கள். ஆண்டில் வீட்டுக்குள் இருப்பது 7,000 மணி நேரம்; ஐ.நா. கதிரியக்கக் குழுவின் காரணி 9 நானோசீவர்ட். எல்லாவற்றையும் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிசீவர்ட்; சீவர்ட் என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு. இயற்கையிலிருந்து ஆண்டுக்கு நாம் சராசரியாக வாங்கும் 2.4 மில்லிசீவர்ட்டில் இதுவே பெரிய பங்கு.

என் வீட்டில் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?
– இல்லத்தரசி, அன்னவாசல்

மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த சின்ன டப்பா இருக்கிறது. உள்ளே ஒரு துண்டு பிலிம். ஏறக்குறைய மூன்று மாதம் தொங்கவிட்டு, காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால், ஆல்ஃபா பாய்ந்த இடமெல்லாம் பொடித் துளை தெரியும். அதை எண்ணி அளவு சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன அளவு 100 பெக்கரல். அது முடியாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டக் கூடாது.

கதிர்வீச்சு அணுமின் நிலையத்தில் வேலை செய்பவர்களுக்குத்தானே?
– ஒரு வாசகர், விராலிமலை

1984-இல் அமெரிக்காவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற எஞ்சினியரைக் கண்டதும் எச்சரிக்கை மணி அடித்தது. தேடிப் பார்த்தால், கதிரியக்கத்தை அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். அந்த வீட்டில் அவ்வளவு ரேடான்!

நான் பீடி பிடிப்பவன். ரேடானுக்குப் பயப்படட்டுமா?
– ஒரு லாரி ஓட்டுநர், அன்னவாசல்

முதலில் பீடிக்குப் பயப்படுங்கள். ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்த 2005 கணக்குப்படி, 100 பெக்கரல் கூடினால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து 16 சதவீதம் ஏறும். புகைப்பவருக்கோ அந்த ஆபத்து ஏற்கெனவே சுமார் 25 மடங்கு. 16 சதவீதம் அதற்கு மேல் வட்டி. ஜன்னலைத் திறவுங்கள், பீடியை விடுங்கள். இரண்டுக்கும் செலவில்லை, இரண்டாவதில் மிச்சமே உண்டு.