எதற்கும் பதறாத பெருமக்கள்

நம் சுகாதாரத் திட்டக்காரர்களின் நிதானத்தை எத்தனை புகழ்ந்தாலும் தகும். கொட்டகலையில் எரிபொருள் களஞ்சியம் இருக்கிறது. சுற்றியுள்ள மலைகளில் முதுகில் டாங்கி சுமந்து ஆட்கள் புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். இத்தனை ஆபத்துக்கும் நடுவில் தூக்கம் கலையாமல் இருக்க எப்பேர்ப்பட்ட மனம் வேண்டும்!

டோக்கியோக்காரர்களுக்கு அந்த மனம் இல்லை. 1995 மார்ச் 20 அன்று சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சுவாயு பரவியபோது, புனித லூக்கா மருத்துவமனைக்கு மட்டும் ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். அங்கே தேவாலயத்தில்கூட ஒட்சிசன் குழாய் பதித்திருந்தார்கள். அவ்வளவு பயந்தவர்களும் ஒன்றை மறந்தார்கள். வந்தவர்களின் உடுப்பைக் களைந்து கழுவாமல் உள்ளே எடுத்ததால், வைத்தியர்களுக்கும் தாதியருக்குமே கண் மங்கியது. கழுவுவதற்கு வேண்டியது வாசலில் தண்ணீர்க் குழாய், சவர்க்காரம், மாற்றுச் சாரம். ஆனால் இவ்வளவு மலிவான காரியத்தில் கையெழுத்திட்டுத் தங்கள் பேனாவின் மதிப்பைக் குறைத்துக்கொள்ள நம்மவர்கள் உடன்படுவார்களா?

1984இல் நச்சுவாயு கசிந்தபோது போபால் வைத்தியர்கள் என்ன வாயு என்றே சரியாகத் தெரியாமல் ஆயிரக்கணக்கானோருக்கு வைத்தியம் பார்த்தார்கள். அந்த மரபை மலையகம் போற்றுகிறது. மருந்தடித்து மயங்கியவர் கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போவார். மருந்துப் போத்தல் அறைக்குள் பத்திரமாகப் பூட்டியிருக்கும். "புல்லு மருந்துங்க ஐயா" என்பதிலிருந்து வைத்தியர் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும். பூச்சிமருந்திலும் சிலவற்றுக்குத்தான் அத்ரோபீன் என்ற மாற்றுமருந்து கேட்கும், எல்லாவற்றுக்கும் அல்ல. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கத்தை மருந்து அறைச் சுவரில் எழுதிச் சுண்ணாம்பின் அழகைக் கெடுக்காத தோட்டத் துரைமாரின் கலையுணர்வு வாழ்க.

ஒன்றை மட்டும் கள்ளமில்லாமல் சொல்ல வேண்டும். 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகிய கொடிய மருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்து இந்த நாடு எத்தனையோ உயிர்களைக் காத்தது. மனம் வைத்தால் முடியும் என்று அரசாங்கமே காட்டியது. அப்படிக் காட்டிவிட்டு இப்படி ஓய்ந்திருப்பதற்குத் தனித்துணிச்சல் வேண்டும்.

நச்சுநீக்கப் பிரிவும் நமக்கு இல்லாமல் இல்லை. மருந்தில் நனைந்த சட்டையை மாலையில் லயத்துப் பீலியடியில் மனைவி வெறுங்கையால் துவைக்கிறாள். அவளுக்குச் சம்பளமும் இல்லை, கையுறையும் இல்லை. இதைவிடச் சிக்கனமான திட்டத்தை எந்த அமைச்சு தீட்டியிருக்கிறது?