வத்தல் இழப்பில் காக்கையின் பங்கு: ஒரு மொட்டை மாடி ஆய்வு

ஏப்ரல் கடைசியில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே வாரத்தில் இரண்டு சம்பவங்கள் நடக்கின்றன. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். வத்தல் வீட்டிலிருந்து மாடிக்குப் போய்ச் சேர்கிறது. முன்னதைப் பின்னதற்குக் காவல் வைக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ, அந்த மூதாட்டிக்கு ஒரு நடுகல்கூட இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் காலையில் பிழிந்த வத்தலுக்கும் மாலையில் எடுத்த வத்தலுக்கும் கணக்கு உதைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் "காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு" என்ற ஒரே வாக்குமூலத்தோடு வழக்கு முடித்துவைக்கப்படுகிறது. எதிர்த்தரப்புக்கு வக்கீல் வைக்காமலே தீர்ப்பான இந்த வழக்கைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், திருச்சி உறையூரில் ஒரு மாடி. காவலர், ஏழாம் வகுப்பை முடித்துவிட்டு எட்டாம் வகுப்புக்குக் காத்திருக்கும் ஒரு மாணவி. விடுமுறைக்கு அம்மாயி வீட்டுக்கு வந்திருப்பவர். ஆய்வாளர் காவலருக்குத் தாய்மாமன் முறை ஆவார். இதனால் முடிவுகள் ஒருபக்கம் சாய்ந்துவிடுமோ என்று ஐயுறுவோர், தாய்மாமன்கள் மருமகள் பக்கம்தான் சாய்வார்கள் என்பதையும், கட்டுரை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

காவலுக்கு ஏன் ஏழாம் வகுப்பு என்பதை முதலில் தீர்த்துவிட வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை மாடிக்கு அனுப்பினால் வத்தலோடு பிள்ளையையும் காக்க இன்னொருவர் வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் போகிறவரை அனுப்ப முடியாது. அவருக்கு விடுமுறையே கிடையாது, டியூஷன் தொடங்கிவிட்டது. எஞ்சுவது இடைப்பட்ட சில வகுப்புகள். இந்த வயதினரின் சட்ட நிலை தெளிவில்லாதது. அரசுப் பேருந்தில் 12 வயது வரை அரை டிக்கெட் என்பதால், ஏறும்போதே "கண்டக்டர் கேட்டா பதினொன்னுன்னு சொல்லு" என்று அறிவுறுத்தப்படுகிறார்கள். இறங்கி வீட்டுக்கு வந்ததும், "பன்னெண்டு முடிஞ்சு பதிமூணு ஆகப்போகுது, ஒரு காபி போடத் தெரியல" என்று கேட்கிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு விளையாடினால் இவ்வளவு பெரிய பெண்ணுக்கு இது தேவையா என்பார்கள். பெரியவர்கள் பேச்சில் வந்து உட்கார்ந்தால், உனக்கு இங்கே என்ன வேலை என்பார்கள். தரையில் எந்தத் தளத்திலும் இடமில்லாத ஒருவரை மாடிக்கு அனுப்புவதில் நிர்வாக நோக்கில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இந்தப் பணிக்கு இலக்கியத்தில் முன்னோடி உண்டு. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தாய் தன் மகளைத் தோழியோடு தினைப்புனம் காக்க அனுப்புகிறாள். அவர்கள் இதணம் என்னும் பரண்மேல் ஏறிக் கிளி ஓட்டுகிறார்கள். அதற்கென்றே தழல், தட்டை, குளிர் என்று கருவிகள் இருக்கின்றன. நம் களத்தில் இதணத்தின் இடத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழல். கருவிகள்: விரித்து வைத்த கறுப்புக் குடை, குச்சியில் கட்டிய கறுப்புத் துணி, கயிற்றில் தொங்கி வெயிலில் மின்னும் ஒரு பழைய சிடி. அந்த சிடியில் என்ன படம் இருந்தது என்று காவலருக்குத் தெரியாது. அதைப் படம் பார்க்கப் பயன்படுத்தலாம் என்பதே அவருக்குப் புதுச் செய்தி.

261 அடி கொண்ட அந்தப் பாட்டை அழகுக்காகப் படித்தவர்கள் பலர். காவல் கோணத்தில் படித்தவர்கள் குறைவு என்று தோன்றுகிறது. படித்துப் பார்த்தால் திடுக்கிடும். கிளி ஓட்டப் போன பெண்கள், வெயில் ஏறியதும் அருவியில் இறங்கிக் குளிக்கிறார்கள். பிறகு மலையெங்கும் சுற்றிப் பூப்பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, 99 பூக்கள் பெயர் சொல்லி வருகின்றன. தாவரவியலாளர்கள் இந்தப் பட்டியலைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். ஆனால் 99 வகைப் பூவைத் தேடிப் பறிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், அந்த நேரத்தில் தினையை யார் பார்த்துக்கொண்டது என்ற கேள்வியை உரையாசிரியர்கள் மெல்லக் கடந்துவிட்டார்கள். காவலுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை காவலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

அதே பாட்டில் வேட்டைக்கு வந்த தலைவன், அம்பு பட்டுத் தப்பிய விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்பான். உறையூர் மாடிக்கும் அப்படி ஓர் ஆள் வந்தான். பக்கத்துத் தெருப் பையன், வயது பத்து. கேட்ட கேள்வி: "அக்கா, பந்து இங்க வந்துச்சா?" அகத்திணை அறிஞர்கள் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிடலாம். பந்து வத்தல் துணியின் நடுவில் கிடந்தது. இரண்டு ஓவர் பேட்டிங் கொடுத்தால்தான் பந்து என்றார் காவலர். ஒரு ஓவருக்குப் பேரம் படிந்தது.

இனி பொருளுக்கு, அதாவது ஜவ்வரிசி வத்தலுக்கு வருவோம். ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து ஆவது. சேலம் வட்டாரம் அதற்குப் பேர்போனது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரவே ஊறவைத்து, விடியுமுன் கூழாகக் கிளறி, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், எலுமிச்சம்பழச் சாறு சேர்த்து, உப்பை மட்டும் கை குறைத்துப் போடுவார்கள். காயக் காய உப்பு தூக்கும் என்பது கணக்கு. வெயில் உறைக்குமுன் பழைய வேட்டியில் வரிசை வரிசையாக ஊற்றியோ பிழிந்தோ ஆகிவிட வேண்டும். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். பஞ்சாங்கம் 28இல் கடையைச் சாத்தினாலும் வெயில் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. 2003இல் சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது மே 31 அன்று.

முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் இந்த ஆய்வுக்கு வேண்டியது முதல் நாளின் ஒரு பகுதி மட்டுமே. காலை பத்து மணிக்கு வத்தல் வெறும் கூழ். எடுத்தால் விரலில் ஒட்டும். மறுநாள் அது கல். கடித்தால் பல் பேசும். முதல் நாள் பகல் ஒன்றிலிருந்து மூன்று வரை, மேலே ஓர் ஆடை படர்ந்து, உள்ளே ஈரம் வற்றாமல், இழுத்தால் நீண்டு, மென்றால் புளிப்பும் காரமும் மெல்ல இறங்கும் ஒரு பருவம் உண்டு. எண்ணெயில் பொரித்த வத்தல் இதன் கால்தூசி பெறாது என்பது ஆய்வாளரின் சொந்தக் கருத்து. அதை ஆய்வு முடிவாகக் கொள்ள வேண்டாம். முடிவாகக் கொள்ள வேண்டியது: இழப்பு முழுவதும் இந்த இரண்டு மணி நேரத்தில்தான் நிகழ்கிறது.

காக்கை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது? வேப்பமரத்தில். அலகைப் பிளந்தபடி, இறக்கையைச் சற்று விலக்கிக்கொண்டு, உச்சி வெயிலில் எந்தக் காக்கையும் செய்வதைச் செய்துகொண்டு. வெயில் கொளுத்தும் பொழுதில் பறவைகள் தம் இருப்பிடம் தேடிப் போய்விடுவதைக் கபிலரும் கவனித்திருக்கிறார். காக்கை அப்பாவி என்று சொல்ல வரவில்லை. கோடை அதன் குஞ்சு வளர்க்கும் காலம். போதாததற்குக் குயில் இட்டுவிட்டுப் போன முட்டையில் வந்த பிள்ளைக்கும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கிறது. காலை எட்டு மணிக்கு அது வருகிறது. ஓரத்தில் ஒன்றிரண்டு கொத்துகிறது, கூழ் அலகில் ஒட்டிக்கொள்ள எரிச்சலோடு போய்விடுகிறது. மேலும், காக்கைக்கு ஆள் அடையாளம் தெரியும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2006இல் குகைமனிதன் முகமூடி மாட்டிக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து விட்டார்கள். அதன் பிறகு அந்த முகமூடியோடு யார் போனாலும் காக்கைகள் கூடிக் கத்தின. ஒப்பீட்டுக்காக அன்றைய துணை அதிபர் டிக் செனியின் முகமூடியைப் போட்டுக்கொண்டு போனபோது அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. உறையூர்க் காக்கைகளும் நம் காவலரை நன்றாக அறிந்துவைத்திருக்கின்றன. அவர் கையில் போன் இருக்கும்வரை ஆபத்தில்லை என்பது வரை அவற்றுக்குத் தெரியும். தெரிந்தும் மதியத்தில் வரவில்லை என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

அடுத்தது தடயம். காக்கை எடுத்தால் பக்கத்தில் இருப்பதையும் கலைத்து, துணியைச் சுருட்டி, நடந்ததை ஊருக்கே தெரிவித்துவிட்டுப் போகும். மதிய இழப்பில் வரிசைகள் சீராக இருந்தன. தொட்டிப் பக்கத்து வரிசைகள் மட்டும் மற்றவற்றைவிடச் சற்று அகலமாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்தபின் மிச்சத்தை இடம் மாற்றி இடைவெளியை நிரவிவைக்கும் வழக்கம் எந்தப் பறவைக்கும் இருப்பதாக ஆய்வாளர் படித்ததில்லை. அதோடு, வத்தலை நகர்த்தலாம், வேட்டியில் அது இருந்த இடத்தின் மாவுத் தடத்தை நகர்த்த முடியாது. தடம் ஓரிடம், வத்தல் வேறிடம்.

காவலரிடம் இதுபற்றி வினவப்பட்டது.

"காக்காதான் மாமா. நான் பாத்தேன்."

"பாத்தியா? அப்ப ஏன் வெரட்டல?"

"பாவமா இருந்துச்சு."

வாக்குமூலம் அப்படியே பதிவு செய்யப்பட்டது. வாயில் ஏதோ இருந்ததால் சில எழுத்துகள் தெளிவாக ஒலிக்கவில்லை.

நியாயமாகச் சொல்வதென்றால், காவலரின் மதியத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். போன் ஒன்றரை மணிக்குச் சூடேறி அணைந்துவிடுகிறது. அதன்பின் மூன்று மணி வரை உலகத்தில் ஒன்றுமே நடப்பதில்லை. கீழே எல்லோரும் தூங்குகிறார்கள். ஐஸ் வண்டி மணி இரண்டு தெரு தள்ளிக் கேட்கிறது. இந்தத் தெருவுக்கு வருவதற்குள் சேமியா ஐஸ் தீர்ந்துவிடும் என்பது முன் அனுபவம். அந்த நேரத்தில் காவலர் யோசித்த பொருள்கள், கேட்டபோது சொன்னபடி: எட்டாம் வகுப்பில் 'ஏ' பிரிவா 'பி' பிரிவா, கூடப் படித்தவள் 'பி'க்குப் போய்விட்டால் மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது, ஏழாம் வகுப்பில் கடைசி நாள் போட்ட சண்டையை அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாளா, போன் செய்தால் அவள் அம்மா எடுத்துவிட்டால் என்ன சொல்வது. பள்ளி திறப்பைத் தள்ளிவைப்பார்களா என்பது தனிப் பொருள். 2023இல் வெயில் காரணமாக ஜூன் 1 என்றது 7 ஆகி, ஆறாம் வகுப்பு முதல் மேலே உள்ளவர்களுக்கு 12 வரை போனது. அப்போது சின்ன வகுப்பில் இருந்ததால் காவலருக்கு 14 வரை கிடைத்தது. அந்த இரண்டு நாளை அவர் இன்னும் சொத்து போல நினைவில் வைத்திருக்கிறார். இவ்வளவு பெரிய கேள்விகளை வெறும் வாயோடு யோசிக்க முடியாது என்ற வாதத்தை ஆய்வாளர் தள்ளிவிடவில்லை.

எல்லாச் சான்றும் சூழ்நிலைச் சான்று என்று யாராவது சொல்லக்கூடும். அவர்களுக்காகக் கடைசியாக ஒன்று. அதே மாடியில், அதே வெயிலில், நான்கு அடி தள்ளி ஒரு முறத்தில் மோர் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் காவல் போடவில்லை. ஒன்றுகூடக் குறையவில்லை. காரத்துக்குப் பயந்து காக்கை தொடவில்லை என்பார்கள். அதுதான் இல்லை. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பாலூட்டிகளின் நாக்கைத்தான் எரிக்கும். பறவைகளின் நரம்பில் அது உறைப்பதில்லை. கிளி பழமிளகாயைக் கொறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கேப்சைசினை உணரும் ஏற்பியை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆக, திருடியது பறவையாக இருந்தால் அதற்கு முறமும் ஒன்று, வேட்டியும் ஒன்று. வத்தலை மட்டும் எடுத்து மிளகாயை விட்டுவைத்த உயிர், காரம் அறிந்த உயிர். அதாவது, பாலூட்டி.

அணிலும் பாலூட்டிதானே என்று காவலர் தரப்பில் உடனே மனு வந்தது. அறிவியல் பாடம் வீண்போகவில்லை என்பதில் மகிழ்ச்சி. ஆனால் அணில் கொறித்தால் துகள் சிந்தும், பல் பட்ட மிச்சம் கிடக்கும், முக்கியமாக அணிலும் வரிசையைச் சரிசெய்யாது. மனு தள்ளுபடி.

அறிக்கையை மாலையில் அம்மாவிடம், அதாவது காவலரின் அம்மாயியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வத்தலை உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். கேப்சைசின் வரும் இடத்தில் ஒருமுறை தலையாட்டினார். தொட்டிப் பக்கம் எப்போதும் இரண்டு வரிசை கூடவே ஊற்றுவதாகவும், காக்கைக்கென்று தன் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான் வழக்கம் என்றும் சொன்னார். காக்கைக்கு ஏன் நிழலுக்கு எட்டிய தூரத்தில் ஊற்ற வேண்டும் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. முறத்தை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு வெங்காய வத்தல் போடணும். புள்ளைய அவங்கப்பா வந்து சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறாராம். நீ சும்மாதானடா இருக்க, மத்தியானம் மேல போய் உக்காரு."