துள்ளுகிற வண்டிக்கு ஒரு கம்பி

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வாங்குகிறவர்களுக்கு இழுவை எவ்வளவு இருந்தாலும் போதாது. 2023 ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் ஹை அவுட்புட் டீசல் எஞ்சினுக்கு 1,200 பவுண்டு-அடி முறுக்குவிசை. சுமப்பதென்னவோ பல வீடுகளில் வாரக் கடைசி மளிகைப் பைதான். ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் பின் அச்சு திமிறும், லீஃப் ஸ்பிரிங் எஸ் எழுத்தாக நெளியும், சக்கரம் துள்ளும். அதை அடக்க அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு தடித்த கம்பி: டிராக்‌ஷன் பார்.

“நாலு போல்ட், அவ்வளவுதான், வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்” என்பார்கள். ஓஹையோ பனிக்காலத்தில் சாலை உப்பு தின்ற, அச்சை லீஃப் ஸ்பிரிங்கோடு கட்டியிருக்கும் யு போல்ட்டின் நட்டுக்கு இந்தச் சேதி எட்டியிருக்காது. ஊற்றுகிற எண்ணெயையெல்லாம் குடித்துவிட்டு அசையாமல் இருக்கும். மல்லாந்து கிடப்பவர் கண்ணில் துருத்தூளாகக் கொட்டும். கடைசியில் கட்டிங் மெஷினை எடுத்து அறுத்த பிறகுதான், புது யு போல்ட் வாங்கவில்லை என்பது உறைக்கும். கடைக்குப் போகலாமென்றால் வண்டி ஸ்டாண்டின் மேல்!

கிளம்பிவிட்டவர்களைத் தடுக்க முடியாது. ஒன்று மட்டும்: பழைய யு போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள்; கடைசி முடுக்கை வண்டி நாலு சக்கரத்தில் நின்ற பிறகு கொடுங்கள்.